மாடுகளுக்கு முன்னால் நடந்தவர்

ஆஸ்பத்திரி வாசலை விட்டு வந்து, காரைக்குடிக் கடைவீதியைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. நான் மாடுகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேன். கயிறு என் கையில் இருந்தது. பின்னால் கூண்டு வண்டிக்குள், வைக்கோல் பரப்பி அதன்மேல் விரித்த பாயில் அண்ணன் படுத்திருந்தார். கழுத்துவரை வேட்டி போர்த்தியிருந்தேன். முகத்தை மூட மனம் வரவில்லை.

குன்றக்குடி மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஏறி உக்காந்து ஓட்ட வேண்டியதுதானப்பா, இம்புட்டுத் தூரத்தையும் நடந்தா கழிப்ப?” என்றார்.

நான் நடந்துகொண்டே இருந்தேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் அண்ணனின் வாழ்க்கை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதை இப்போது சொல்கிறேன்.

உயிருள்ளவர் ஏறினால் வண்டிக்காரன் முன்னால் உட்கார்ந்து ஓட்டலாம். உயிர் போனவர் படுத்திருந்தால் இறங்கி மாடுகளுக்கு முன்னால் நடக்க வேண்டும். இது ஊர் வழக்கமல்ல. அண்ணன் தாமாக வைத்துக்கொண்டது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “உக்காந்து ஓட்டிக்கிட்டுப் போனா மூட்டை ஏத்துன மாதிரி இருக்குடா” என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்கிறவர் அல்லர் அவர்.

அண்ணன் இறந்த முதலாம் ஆண்டு நினைவாக இந்த மலரை அச்சடித்துத் தருவது எங்கள் தாய்மாமா மகன் சோலை. அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம் தாளைக் கொடுத்தபோது, எல்லாவற்றையும் எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க அத்தான். எங்கப்பா பேரை மட்டும் போடாம, மாமான்னு எழுதிக்கங்க. மத்தது உங்க இஷ்டம்” என்றான். எனவே படிக்கிறவர்கள் என்னைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும், சோலையை அல்ல.

அண்ணன் பிறந்தது நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊரிலேயே. தகப்பனார் இறந்தபோது அவருக்குப் பத்து வயது. எனக்கு ஒன்று. கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்போடு அண்ணன் ஏர் பிடிக்கப் போனார். என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். நான் எட்டாம் வகுப்பில் யாரும் சொல்லாமலே நின்றுகொண்டேன். எனக்கு ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்காது. இன்றைக்கும் அப்படித்தான்.

இருபது வயதில் அண்ணன் ஒரு கூண்டு வண்டி வாங்கினார். அடியில் வில் வைத்தது, அலுங்காது. எங்கள் வட்டாரத்தில் கல்யாணப் பெண்ணை அழைத்துவர அந்த வண்டியைத்தான் கேட்பார்கள். மாடுகளின் கழுத்துச் சலங்கையை ஒரு மைலுக்கு அந்தப் பக்கமே கேட்கலாம். “சலங்கை வருதுடி, பொண்ணு வந்துருச்சு” என்று பெண்கள் ஆலத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடி வருவார்கள். தை மாதம் முழுக்க வண்டி ஓய்வில்லாமல் ஓடும். அதில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. மாமா மகளை அண்ணனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். எங்களைப் பெற்ற ஆத்தாவின் நோயால் நாள் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் பரிசம் போட நாள் குறித்தாகிவிட்டது.

அது அரிசிக்கு வரிசையில் கால்கடுக்க நின்ற காலம். பரிசத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, வண்டிக்குப் புது மெத்தைத் துணி வாங்க அண்ணனும் நானும் காரைக்குடிக்குப் போனோம். குன்றக்குடிக்கு இப்பால் ஒரு புளியமரத்தடியில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். நடுவில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வாந்தியும் பேதியுமாகத் துணியெல்லாம் நனைந்திருந்தது. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கூலிவேலை தேடி எங்கிருந்தோ நடந்து வந்தவள் என்றார்கள்.

“ஏத்திராதப்பா. பரிசம் போடப் போற வண்டி” என்று ஒருவர் அண்ணனை எச்சரித்தார். அவர் எங்கள் ஊர்க்காரர்தான்.

“பரிசத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. இது ஆறு நாழிகை தாங்காது” என்றார் அண்ணன். என்னைப் பார்த்து, “காலைப் பிடிடா” என்றார்.

நான் பிடித்தேன். அண்ணன் உள்ளே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் வண்டியை ஓட்டினேன். அவள் ஏதோ முனகினாள், விளங்கவில்லை. அண்ணனின் துண்டு நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குன்றக்குடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். “நிறுத்துடா” என்றார் அண்ணன். நிறுத்தினேன். அவள் கையிலிருந்து துண்டை எடுக்கப் பார்த்தார், விரல் விடவில்லை. துண்டை அப்படியே விட்டுவிட்டார். பிறகு இறங்கி வந்து என்னிடமிருந்து கயிற்றை வாங்கினார். மாடுகளின் கழுத்திலிருந்து சலங்கையை அவிழ்த்து மெத்தைக்கு அடியில் வைத்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக மாடுகளுக்கு முன்னால் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் பேரைக் கேட்டார்கள். தெரியாது. ஊர்? தெரியாது. உறவு? அண்ணன் கொஞ்சம் யோசித்து, “வண்டிக்காரன்” என்றார். கேட்க ஆளில்லாத பிணம் என்று நகராட்சி ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு சுடுகாடுவரை போய், குழி மூடியபின் குளித்துவிட்டு வந்தார். மெத்தைத் துணி வாங்கவில்லை.

திரும்பி வந்ததும் நான் நேரே மாமாவிடம் ஓடினேன். எனக்கு அப்போது பதினேழு வயது. ஊர்ச் சட்டம் தெரியும். பிணம் ஏறிய வண்டியில் கல்யாணப் பெண் ஏறமாட்டாள். அதில் அறுப்பு நெல்லையும் ஏற்றமாட்டார்கள். நோயாளி ஏறி ஆஸ்பத்திரியில் இறந்தால் குற்றமில்லை. வண்டிக்குள் உயிர் போனால்தான் வண்டி கெட்டது. ஆகவே மாமாவிடம், “ஆஸ்பத்திரி வராந்தாவுல இறக்குன பெறகுதான் மாமா போச்சு” என்று சொன்னேன். நான் சொன்ன பொய்களில் நல்ல பொய் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். ஆனால் புளியமரத்தடியில் நின்ற ஆள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இரண்டாம் நாள் கோயில் பொட்டலில் ஊர் கூடியது. மாமாதான் பேச்சை எடுத்தார். அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. ஒரே ஒரு வார்த்தையில் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

“ஊரு என்னென்னமோ பேசுது மாப்ள. நீ ஒரு வார்த்தை சொல்லிரு. உன் தம்பி எங்கிட்டச் சொல்லிட்டான். ஆஸ்பத்திரியிலதானே போச்சு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், ‘ஆமாம் என்று சொல்லுங்கள்’ என்பதுபோல.

“இல்ல மாமா. வண்டியிலதான் போச்சு. குன்றக்குடி தாண்டி.”

“மாப்ள, யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு மாமா? எம்மடியிலதான் போச்சு.”

பின்னாலிருந்து ஒருவர், “மடியிலயா! பரிசத்துக்கு முந்தியே மாப்பிள்ளைக்கு மடி கேக்குது” என்றார். சிலர் சிரித்தார்கள். மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “பிணம் ஏறுன வண்டியில எம்மக ஏறமாட்டா” என்றார். போகிறபோது என் கன்னத்தில் ஓர் அறை விட்டார், பொய் சொன்னதற்கு. அண்ணனுக்குக் கிடைத்த தண்டனையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

“வண்டியை வித்துட்டு வேற வண்டி வாங்கிக்கிறேன் மாமா” என்று அண்ணன் ஒரு சொல் சொல்லியிருந்தால் மாமா இறங்கி வந்திருப்பார் என்று ஆத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் சொல்லவில்லை. மாமா மகளை அந்தத் தையிலேயே அமராவதிபுதூரில் கட்டிக்கொடுத்தார்கள். பெண்ணழைப்புக்கு வாடகைக் கார் வந்தது. ஆத்தா தன் தம்பியோடு பேசாமலே அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் அண்ணனோடு சண்டை போட்டேன். “பேரு தெரியாத ஒருத்திக்காக எல்லாத்தையும் தொலைச்சுட்டீக. ஒரு பொய் சொன்னா வாய் அழுகியா போகும்? செத்தவளுக்கு எங்க செத்தா என்ன, அவ வந்து கேக்கப் போறாளா?” என்று கத்தினேன்.

அண்ணன் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே சொன்னார்: “அதுக்குப் பேரு தெரியல, ஊரு தெரியல. செத்த எடமாச்சும் சரியா இருக்கட்டும்டா.”

எனக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதைவிட, அந்த வயதில் அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. அன்றே கிளம்பிவிட்டேன். தேவகோட்டையில் டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன். காலில் வந்த புண் ஆற ஒரு வருஷம் ஆயிற்று. மதுரையில் மூட்டை தூக்கினேன். மூணாறு எஸ்டேட்டில் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. லாரியில் கிளீனராகப் போனேன். எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவேன். வரும்போதெல்லாம் அந்த வண்டி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பேன். நெல் ஏற்ற யாரும் கூப்பிடுவதில்லை. கல், மணல், குப்பை அடித்து அண்ணன் காலம் தள்ளினார். ஆனால் ஆஸ்பத்திரியில் யாராவது இறந்துவிட்டால் ஊர் அவர் வாசலுக்கு வந்துவிடும். வேறு எந்த வண்டிக்காரனும் பிணத்தை ஏற்றமாட்டான். ஏற்றினால் அவன் வண்டியும் கெட்டுவிடும் அல்லவா. ஏற்கெனவே கெட்டுப்போன வண்டி ஒன்று இருப்பது ஊருக்கு எவ்வளவு வசதி! எங்கள் ஊர் மட்டுமல்ல, நேமத்தான்பட்டிவரை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அண்ணன் அதற்குக் கூலி வாங்கியதில்லை. அவர்களும் கட்டாயப்படுத்திக் கொடுத்ததில்லை.

ஒருமுறை நானும் கூடப் போனேன். பெயர் வேண்டாம், இந்த மலர் அந்த வீட்டுக்கும் போகும். காரைக்குடியிலிருந்து நடந்தே கொண்டுவந்து, வீட்டு வாசலில் அண்ணனே தோள்கொடுத்து இறக்கினார். வியர்வை வழிய நின்றவரைப் பார்த்து அந்த வீட்டுப் பெரியவர் சொன்னது: “சரிப்பா, வண்டியை அங்குட்டுத் தள்ளி நிறுத்து. வாசல்ல நிக்கக் கூடாது.” ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கவில்லை.

திரும்புகிற வழியில் அண்ணனிடம், “இவுகளுக்கெல்லாம் ஏன் ஓட்டுறீக?” என்று கேட்டேன்.

“இவுகளுக்கு எங்கடா ஓட்டுறேன்? உள்ள படுத்திருந்தவுகளுக்குல்ல ஓட்டுனேன்.”

எமர்ஜென்சி முடிகிற சமயத்தில் அண்ணன் மஞ்சள் காமாலையில் விழுந்தார். காரைக்குடிக்குத் தம் வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாடுகளை ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீக்கடைக்காரர் கட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு அஞ்சலட்டை போட்டதும் அவர்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குக் கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன. என்னைத் தெரிந்தது. “மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?” என்றார். காட்டினேன் என்றேன். உண்மையில் காட்டவில்லை. ஓடிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போய்விட்டார். முப்பத்தேழு வயது.

இப்படித்தான் நான் அந்த ரோட்டில் மாடுகளுக்கு முன்னால் நடந்து வந்தேன்.

அண்ணனின் வண்டியில் ஒருவராவது வந்து இறங்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. அன்றைக்குக் கதவைத் திறந்து வந்த வீடுகள் இரண்டு. மற்றவர்களுக்கு அறுப்பு இருந்தது. அறுப்பு காத்திருக்காது, எனக்கும் தெரியும். ஆனால் அவரவர் வீட்டுப் பிணத்துக்காக அண்ணன் அறுப்பை விட்டு வந்ததும் எனக்குத் தெரியும். அமராவதிபுதூரிலிருந்து மாமா மகள் வந்தது. தூரத்தில் நின்று அழுதுவிட்டு, அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அதனால்தான் வரவில்லை என்று சொன்னது. நான் நம்பவில்லை. மாமாவுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது என்று நினைத்தேன்.

அன்று தோள் கொடுத்த டீக்கடைக்காரர், லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்த ஆஸ்பத்திரி வார்டு ஊழியர், வந்த இரண்டு வீட்டார், சுடுகாட்டில் கடைசிவரை நின்ற வெட்டியான் ஆகியோருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களில் யாருக்கும் அண்ணனிடமிருந்து இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை, தெரிந்துதான் வந்தார்கள். வராதவர்களுக்கும் இந்த மலரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றைக்கே, “அந்த வண்டியை உடைச்சு வெறகாக்கிரு. வீட்டுல வச்சிருக்காத” என்று பங்காளிகள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாடுகளை விற்றுவிட்டு மதுரைக்குப் போக வேண்டும். லாரி ஷெட்டில் வேலை இருந்தது. மறுநாள் காலையில் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்து, பக்கத்து வீட்டில் கோடாலி வாங்கிச் சக்கரத்தில் சாய்த்து வைத்திருந்தேன். அப்போது சோலை வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

“அத்தான், அப்பா போயிட்டாக.”

“எங்க?”

“ஆஸ்பத்திரியிலதான். விடியக்காலம்.”

உண்மையாகவே ஆஸ்பத்திரியில்தான் இருந்திருக்கிறார். நான் அண்ணனை ஏற்றிய வாசலுக்கு நேர் மேலே, மாடியில்.

“ரெண்டு பேருகிட்ட வாடகைக் காரு கேட்டேன். ரெண்டு பேரும் பொணம் ஏத்தமாட்டேன்னுட்டாக” என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்தான். கோடாலியையும் பார்த்தான்.

பதினோரு வருஷமாக என் வாயில் கிடந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. “இது பொணம் ஏறுன வண்டியாச்சேப்பா. உங்கப்பா இதுல ஏறுவாகளா?”

சோலை தலையைக் குனிந்துகொண்டான். “ஏறுவாக அத்தான். இனி அவுக என்ன சொல்லப் போறாக?”

 பிறகு அவனே சொன்னான்: “நேத்து நீங்க பெரியத்தானை ஏத்திக்கிட்டுப் போனதை அப்பா ஜன்னல் வழியாப் பாத்தாக.”

“என்ன சொன்னாக?”

“ஒண்ணும் சொல்லல. ‘இவனும் நடந்தேதான் போறானா’ன்னு கேட்டாக. அம்புட்டுத்தான்.”

மன்னிப்புக் கேட்டார், கண்ணீர் விட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மாமாவை நான் மன்னிக்கவும் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் மாடியில் கிடந்தவர் இனி யாரிடமும் மன்னிப்புக் கேட்க முடியாது. யாருக்கும் எதையும் திருப்பித் தரவும் முடியாது. புளியமரத்தடியில் கிடந்தவளும் அப்படித்தான் இருந்தாள்.

கோடாலியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து மாடுகளைப் பூட்டினேன். தீட்டு வீட்டு ஆள் வண்டி பூட்டக் கூடாது என்று தெருவில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. போகும்போது உட்கார்ந்தே ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் நானும் சோலையும் வார்டு ஊழியரும் மாமாவைத் தூக்கிக் கிடத்தினோம். அண்ணன் படுத்த அதே பாய்தான், வேறு இல்லை.

சோலை பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டான். “ஏறி உக்காருங்க அத்தான், நேத்தும் நடந்தீக” என்றான்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

“நீயும் எறங்கி வா. உள்ள இருக்கது மூட்டை இல்லை, உங்கப்பா.”

சோலை இறங்கி வந்தான். இரண்டு பேரும் நடந்தோம்.